நீங்குவானா, நிலைப்பானா?

"நீக்கிவிடுவார்களா அண்ணே, அவனை?"

படிப்பகத்துச் சுவரிலே வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டிப் படம் காட்டிக் கொண்டிருந்தோம். 1949ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த படம். மாளிகையின் உள்ளே மேலவை உறுப்பினர்கள் கூடியிருக்கிறார்கள். வெளியே, படிக்கட்டும் தெரியாத அளவுக்கு மக்கள் வெள்ளம். உள்ளே எண்ணப்படுவது வாக்கு. வெளியே எழுப்பப்படுவது முழக்கம். குற்றம் சாட்டப்பட்ட கவர்னரின் கதி என்ன ஆகுமோ என்று அனைவரும் மூச்சடக்கி அமர்ந்திருந்த வேளையிலேதான், பள்ளிப் படிப்பை அவ்வாண்டுதான் முடித்த தம்பி ஒருவர், நம் கையைப் பற்றிக்கொண்டு அப்படிக் கேட்டார். "பொறு தம்பி, படம் முடியட்டும்" என்றோம்.

படம் முடிந்தது. நீக்கவில்லை அவனை. வென்று வெளியே வந்தவனைக் குண்டு வீழ்த்திற்று. கூடியிருந்தோர் பாய் சுருட்டினர். தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. "நீக்கியிருக்க வேண்டுமா, கூடாதா? அதைச் சொல்லாமலே சுட்டுக் கொன்றுவிட்டார்களே அண்ணே!" என்றார்.

நல்ல கேள்வி. திறனாய்வாளர் பலர் கேட்க மறந்த கேள்வி. அதற்கு விடை தேடித்தான், அப்படத்துக்கு மூலமான புதினத்தை எடுத்தோம். ஒருமுறை கதைக்காகப் படித்தோம், மறுமுறை கணக்குக்காகப் படித்தோம். ராபர்ட் பென் வாரன் எழுதிய 'ஆல் தி கிங்ஸ் மென்'. 1946ல் வெளிவந்தது, 1947ல் புலிட்சர் பரிசைப் பெற்றது. படமோ மூன்று ஆஸ்கார் விருதுகளை வாரிக்கொண்டது. 2006ல் மீண்டும் ஒருமுறை படமெடுத்தார்கள். அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை, விட்டுவிடுவோம்.

கதைக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். கவர்னர் என்றதும் நம் மனக்கண்முன் எழுவது குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்டு, அவர் விரும்பும்வரை அமர்ந்திருப்பவரின் உருவம். மக்கள் வாக்கால் வந்தவரல்லர் அவர். சட்டமன்றத்தின் வாக்கால் போகிறவரும் அல்லர். அமெரிக்கக் கவர்னர் அப்படியல்ல. மாநில மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் வேலையைச் செய்பவர். ஆனால், சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அவரைக் கவிழ்க்க வழியில்லை. எனவேதான் 'இம்பீச்மெண்ட்' என்னும் தனி வழி. கீழவை குற்றஞ்சாட்டும், மேலவை நீதிமன்றமாக அமர்ந்து விசாரிக்கும், பெரும்பாலான மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'குற்றவாளி' என்று சொன்னால்தான் பதவி பறிபோகும். அலாஸ்காவில் இது தலைகீழ். மேலவை குற்றஞ்சாட்ட, கீழவை விசாரிக்கும். நெப்ராஸ்காவில் இருப்பதே ஓர் அவைதான். ஆகவே நீதிபதிகள் விசாரிப்பர். குற்றஞ்சாட்டப்பட்டார் என்ற செய்தி வந்ததுமே நீக்கப்பட்டார் என்று தலைப்பிடும் ஏடுகளை நாம் பார்த்திருக்கிறோம்! அமெரிக்க வரலாற்றிலேயே இம்முறையால் நீக்கப்பட்ட மாநிலக் கவர்னர்கள் எண்மர்தாம்.

வாரனின் நாயகன் வில்லி ஸ்டார்க் தொடக்கத்திலே கவர்னரல்ல, கதாநாயகனுமல்ல. ஒரு சிற்றூரின் கருவூலப் பொறுப்பாளன். அங்கே பள்ளிக்கூடம் ஒன்று கட்ட வேண்டும். குறைந்த விலை கேட்ட ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டு, வேண்டியவருக்கு வேலையைத் தருகின்றனர் ஊர்ப் பெரிய மனிதர்கள். ஏன் என்று கேட்கிறான் வில்லி. அந்தக் குறைந்த விலைக்காரர் கருப்பினக் கொத்தனார்களைக் கொண்டுவந்து வேலை செய்வாராம். வெள்ளையர் ஊரிலே அது அடுக்குமா என்கின்றனர். ஊர் முழுவதும் நிறவெறி மூண்டெழுகிறது, வில்லி தோற்கிறான், ஆசிரியையாக இருந்த அவன் மனைவி லூசியின் வேலையும் போகிறது. பள்ளிக்கூடம் எழும்புகிறது, உளுத்துப்போன செங்கல்லால். ஒரு நாள் தீ விபத்துப் பயிற்சி. குழந்தைகள் இறங்கிவரும் இரும்புப் படிக்கட்டைச் சுவர் தாங்காமல் விட்டுவிட, குழந்தைகள் மடிகின்றன.

நாம் பள்ளியில் பணிபுரிபவர். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போனபோது, சுவரைத்தான் முதலில் பார்த்தோம். எழுத்தின் வலிமை அது. வாரன் இங்கே செய்திருப்பது வெறும் பரிதாபக் காட்சியன்று. நிறவெறி எதற்குப் பயன்படுகிறது என்பதை ஒரு செங்கல்லை உடைத்துக் காட்டியிருக்கிறார். "நம் இனம், நம் பெருமை" என்று பேசியவன் சட்டைப் பையிலே ஒப்பந்தப் பணம். நம்பியவன் வீட்டிலே பிள்ளையின் பிணம். ஒரு நூறு மேடைப் பேச்சு விளக்க முடியாததை ஒரு படிக்கட்டு விளக்கிவிடுகிறது. இப்படித் தொடங்கிய புதினம், இதே கண்ணோடு இறுதிவரை நடந்திருந்தால்! நடக்கவில்லை என்பதுதான் நம் குறை.

வில்லி வளர்கிறான், கவர்னராகிறான், பணக்காரர்களை நடுங்க வைக்கிறான். அவனிடம் பணிபுரியும் தணிக்கை அதிகாரி பைரம் ஒயிட் கையூட்டில் சிக்குகிறான். எதிரிகள் அந்த அதிகாரியை நீக்க முனைகிறார்கள். வில்லி அவனைக் காப்பாற்றுகிறான். நல்லவன் என்பதற்காகவா? இல்லை, எதிரிக்கு ஒரு வெற்றி கிடைத்துவிடக் கூடாதே என்பதற்காக. தேதியிடாத விலகல் கடிதம் ஒன்றை எழுதி வாங்கிப் பெட்டியிலே பூட்டிக்கொள்கிறான். ஒயிட் புழுவாய் நெளியும் அந்தக் காட்சியைப் படிக்கும்போது, கையூட்டு வாங்கியவன்மீதுகூட நமக்கு இரக்கம் வந்துவிடுகிறது. அப்படி எழுதுகிறார் வாரன். அட்டர்னி ஜெனரலான ஹியூ மில்லர் இதைச் சகியாமல் விலகிச் செல்கிறார். அதன்பிறகு கவர்னர்மீதே பாய்கிறது குற்றச்சாட்டு.

நீங்குவானா, நிலைப்பானா? ஊர் ஊராகச் சென்று முழங்குகிறான் வில்லி. மக்கள் தலைநகரில் திரள்கிறார்கள். ஆனால் முடிவு கூட்டத்தால் அமையவில்லை. ஒவ்வோர் உறுப்பினரின் பழைய கறையையும் தோண்டி எடுத்து, "கையெழுத்துப் போடுகிறாயா, அல்லது ஊரறியச் சொல்லட்டுமா?" என்று மிரட்டி வாங்கிய கையொப்பங்களால் அமைகிறது. படம் பார்த்த தம்பிக்கு மக்கள் முழக்கம்தான் காதில் நின்றது. புதினம் படித்த நமக்கோ, இரவு நேரத்தில் பேனாவைத் தடுமாறிப் பிடிக்கும் கைகள்தாம் கண்ணில் நிற்கின்றன. இந்த ஓரிடத்திலே படத்தைவிடப் புதினம் பன்மடங்கு நேர்மையானது என்போம். கூட்டம் என்பது வெளியே தொங்கவிட்ட திரைச்சீலை. தீர்ப்பு எழுதப்பட்டது தாளிலே!

இது வாரன் கற்பனையில் கண்டதன்று. லூயிசியானா மாநிலத்தில் நடந்தது. தம் நூல் ஹியூ லாங்கின் வரலாறன்று என்று வாரன் மறுத்தே வந்தார். ஆனாலும், லாங் கோலோச்சிய மாநிலத்தின் பல்கலைக் கழகத்திலேயே 1934 முதல் பேராசிரியராக இருந்தவர் அவர். கண்ணெதிரே கண்டதைக் கண்டவர் எழுதாமலிருப்பது எளிதன்று.

லாங் 1928ல் தம் 34ஆம் வயதிலே கவர்னரானவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடநூல். சேற்றுப் பாதை கிடந்த இடத்தில் சாலை. ஓடம் காத்துக் கிடந்த ஆற்றின்மேல் பாலம். இவற்றுக்குப் பணம்? 1929 மார்ச்சில் சட்டமன்றத்தின் தனிக் கூட்டம் ஒன்றைக் கூட்டி, சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய் ஒன்றுக்கு 5 சென்ட் வரி என்றார். ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் பெருங்கூடம் அம்மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜிலேயே இருந்தது. ஐந்தே சென்ட்! ஆனால், சீமான்கள் கோபுரம் சரிந்ததுபோல் கூவினர். வரிக்கான கூட்டமே கவர்னரை வீழ்த்தும் கூட்டமாக மாறிற்று. மார்ச் 25ஆம் நாள், வாக்கு எந்திரம் தவறாகக் காட்டிற்று என்று கூச்சல் எழுந்து, கீழவையிலே கைகலப்பு நடந்து, இரத்தமே சிந்திற்று. 'இரத்தத் திங்கள்' என்று அந்நாளை இன்றும் குறிப்பிடுகின்றனர். கொண்டுவந்த குற்றச்சாட்டுகள் 19. அவற்றிலே ஓர் ஆட்டக்காரியுடன் விருந்தில் களித்தார் என்பதும் ஒன்று! கீழவை ஏற்றுக்கொண்டவை 8.

மேலவையிலே 39 பேர். நீக்குவதற்கு 26 பேர் வேண்டும். காப்பதற்கு 14 பேர் போதும். லாங் 15 பேரைப் பிடித்தார். 'சாட்சியம் எதுவாக இருப்பினும் நாங்கள் குற்றவாளி என்று வாக்களிக்கப் போவதில்லை. தனிக் கூட்டத்தின் கெடு முடிந்த பிறகு நிறைவேறிய குற்றச்சாட்டுகள் செல்லா' என்ற கருத்தமைந்த தாளிலே பதினைந்து பேரும் ஒப்பமிட்டனர். எவர் பெயர் முதலில் என்பது தெரியாதிருக்க வட்டமாகக் கையொப்பமிடும் பழைய வழக்கத்தால், 'ரவுண்ட் ராபின்' என்று பெயர் பெற்றது அந்தத் தாள். கெடுவுக்குமுன் நிறைவேறிய குற்றச்சாட்டு மேலவையிலே தோற்றது. பிறகு தாள் நீட்டப்பட்டது. மே மாதத்தில் விசாரணை மன்றம் கலைந்தது. ஒப்பமிட்டோர் பின்னர்ப் பதவிகளும் சலுகைகளும் பெற்றனர்.

இப்போது புதினத்தையும் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே. தாள் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது. எண்ணெய் எங்கே? சீமான்களின் விருந்து மேசையிலே வரியைப் பற்றிய முணுமுணுப்பு உண்டு, ஒப்புகிறோம். ஆனால் குற்றச்சாட்டு எழுவதற்குக் காரணமாக வாரன் வைப்பது 5 சென்ட் வரியையன்று. வில்லி ஓர் ஊழல்காரனைக் காத்ததை. இந்த ஒரு மாற்றத்தால் கதையின் பாரம் முழுவதும் கம்பெனியின் தலையிலிருந்து இறங்கி, ஒரு மனிதனின் மனச்சான்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பொருளாதாரப் போர் ஆன்மீக நாடகமாகிவிடுகிறது.

ஏன் இப்படிச் செய்தார்? மனிதன் கறையோடே பிறக்கிறான், தேடினால் எவனிடமும் அழுக்கு அகப்படும் என்பது வில்லியின் வேதாந்தம். வில்லியைக் கண்டிக்கும் வாரன், அந்த வேதாந்தத்தைக் கண்டிக்கவில்லை. கதையே அதை மெய்ப்பித்துக்கொண்டு போகிறது. நேர்மையின் உருவமென்று ஊர் போற்றிய நீதிபதி இர்வினிடமும் கறை கிடைத்துவிடுகிறது. பிறவிப் பாவம் என்று அங்கே சொல்வதற்கும் முன்வினை என்று இங்கே சொல்வதற்கும் மொழிதான் வேறு. எல்லோரும் பாவிகளே என்று சொல்லிவிட்டால், பீப்பாய்க்கு 5 சென்ட் கொடுக்க மறுத்தவனும், பாடநூல் கேட்ட பிள்ளையும் ஒரே தராசில் நிற்க வேண்டியதுதானே!

இவ்வளவும் சொல்வதால் லாங்கை நாம் தோளில் தூக்கி ஆடுவதாக எவரும் எண்ணவேண்டாம். படிப்பகத்து நண்பர் ஒருவர், "ஏழைக்காக உழைத்தவனை எப்படியாவது காத்தது சரிதானே?" என்று நம்மோடு இரவு பத்து மணிவரை வாதாடினார். அவருக்கு நாம் சொன்னதை இங்கும் சொல்கிறோம். அந்த எட்டில் ஒன்று, பத்திரிகை அதிபர் ஒருவரை மிரட்டினார் என்பது. 'என்னை எதிர்த்து எழுதினால், உன் குடும்பத்தில் ஒருவர் மனநல மருத்துவமனையில் இருப்பதை வெளியிடுவேன்' என்று சொல்லி அச்சுறுத்தினார் என்பது குற்றச்சாட்டு. எழுதுகோலை அடக்க நோயாளியின் துயரத்தைப் படைக்கலமாக்குவது எத்தகைய செயல்! மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் அதற்காக அவரை நீக்கியிருக்க வேண்டும் என்போம். வரிக்காக ஒரு மயிரிழையும் அசைத்திருக்கக் கூடாது என்போம். ஆனால் எதிரிகள் ஆட்டக்காரியையும் அச்சுறுத்தலையும் ஒரே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தனர். பதினைந்து பேரோ மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவே மறுத்தனர். நண்பர் இதை ஏற்கவில்லை. "நீ வாத்தியார், மதிப்பெண் போட்டே பழகிவிட்டாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் சினந்தான்.

அவருக்காகவே இன்னொரு கவர்னரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வில்லியம் ஹோல்டன்; வட கரோலினா மாநிலம். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை அறுந்திருந்த காலம். கருப்பின மக்கள் வாக்களிக்கத் தொடங்கியதைப் பொறாத கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தார், முகமூடி அணிந்து இரவில் உலவினர். 1870 பிப்ரவரியில் கிரஹாம் என்னும் ஊரில், கருப்பினக் காவல் அலுவலரும் தலைவருமான வையட் அவுட்லாவை இழுத்துச் சென்று, நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த மரத்திலே தூக்கிலிட்டனர். மே மாதத்தில், ஜான் ஸ்டீபன்ஸ் என்ற மாநில மேலவை உறுப்பினரை நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொன்றனர். ஹோல்டன் அவ்விரு வட்டாரங்களையும் கலகப் பகுதிகளென அறிவித்தார், படையை அனுப்பினார், ஏறக்குறைய நூறு பேரைச் சிறைப்பிடித்தார்.

பின்னர் ஆகஸ்டில் வந்த தேர்தலில் சட்டமன்றம் அவருடைய எதிரிகளின் கைக்குப் போயிற்று. டிசம்பரில் குற்றஞ்சாட்டினர், 1871 மார்ச் 22ல் பதவியிலிருந்து நீக்கினர், இனி அம்மாநிலத்தில் எந்தப் பதவியும் வகிக்கலாகாது என்றும் தடை விதித்தனர். குற்றஞ்சாட்டி நீக்கப்பட்ட முதல் அமெரிக்கக் கவர்னர் அவர்தாம். விசாரணையின்றிச் சிறை வைத்தார் என்ற குற்றச்சாட்டிலே உண்மை இல்லாமலில்லை. தம்மை எதிர்த்த பத்திரிகை ஆசிரியரையும் பிடித்து அடைத்தவர் அவர். ஆனால், மரத்திலே தொங்கவிட்டவனுக்கு என்ன தண்டனை என்று அந்த அவை கேட்கவில்லை. லாங்குக்கு 15 பேர் இருந்தனர், நிலைத்தார். ஹோல்டனுக்கு மூன்றில் ஒரு பங்கு இல்லை, நீங்கினார். சாட்சியத்தைப் பாராமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது சரி என்று லாங்குக்காகச் சொல்லும் நண்பர், ஹோல்டனுக்காக என்ன சொல்வார்?

மற்றவர்களுக்கும் கணக்கு பெரும்பாலும் அப்படியே. நியூயார்க்கின் சல்சர், தம்மை ஏற்றிவிட்ட டாமனி ஹால் கும்பலோடு பகைத்துக்கொண்டார். 1913 அக்டோபரில் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர்! டெக்சாசின் பெர்குசன் 1917ல் நீக்கப்பட்டு, மீண்டும் நிற்கத் தடை விதிக்கப்பட்டார். 1924ல் மனைவியை நிறுத்தி வெற்றி பெறச் செய்தார். அரிசோனாவின் மெக்கம், மார்ட்டின் லூதர் கிங் விடுமுறையை ஒழித்து ஊர்ப் பகையைத் தேடிக்கொண்டவர். நீதி விசாரணைக்குத் தடை செய்தார், அரசுப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளின்மேல் 1988 ஏப்ரலில் மேலவை அவரை நீக்கிற்று. அவரைத் திருப்பி அழைக்கும் தேர்தலுக்கு மக்கள் கையொப்பம் திரட்டி, மே மாதத்தில் நாளும் குறித்திருந்தனர். மேலவை முந்திக்கொண்டதால் அந்தத் தேர்தலே நடக்கவில்லை. இல்லினாயின் பிளகோயெவிச், காலியான செனட் இடத்தை விலைபேசினார் என்று கைதானவர். 2009 ஜனவரி 29ல் மேலவை 59க்கு 0 என்று நீக்கிற்று. சான்றும் வலுவாக இருந்தது, துணைக்கு ஓராளும் இல்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ஐயத்துக்கு இடமேது? சிறையிலிருந்தவரைக் குடியரசுத் தலைவர் டிரம்ப் 2020ல் வெளியே விட்டு, 2025ல் மன்னிப்பும் வழங்கினார் என்பது பின்கதை.

புதினத்துக்குத் திரும்புவோம். தலைநகர்த் திடலிலே வில்லிக்காகத் திரண்ட அந்தக் கூட்டம் யார்? உழவர், உழைப்பாளர் என்கிறார் வாரன். அவர்களில் கருப்பர் எத்தனை பேர்? கதை சொல்லும் ஜாக் பர்டன் வரலாற்று மாணவன். அடிமை முறைக் காலத்து முன்னோன் ஒருவனின் நாட்குறிப்பை அவன் ஆராயும் பகுதியிலே, ஃபீபி என்ற அடிமைப்பெண் விற்கப்படும் கொடுமை நெஞ்சைப் பிளக்கிறது. பழங்காலத்து அடிமையைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, தன் காலத்துக் கருப்பர் வாக்குச் சாவடியில் இல்லாதது தென்படவில்லை. லூயிசியானாவில் 1896ல் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்த கருப்பர் சுமார் 1,30,000 பேர். 1898ல் புதிய அரசியல் சட்டம் எழுதினார்கள். 1904ல் எஞ்சியவர் 1,342 பேர். அப்படிச் சல்லடையில் சலித்தெடுத்த வாக்குகளால் வந்த கவர்னரை, அதே சல்லடையால் வந்த அவை விசாரித்தது. நீக்கினாலும் நீக்காவிட்டாலும் அந்த ஒரு இலட்சத்து முப்பதாயிரம் பேர் தீர்ப்பிலே இல்லை. பள்ளிக்கூடச் செங்கல்லை உடைத்துக் காட்டிய கை, இந்தச் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லையே!

வாரனுக்கு நியாயம் செய்ய வேண்டும். 1930ல் இனப் பிரிவினையை ஒப்பி எழுதியவர் அவர். 1956லேயே அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1965ல் கருப்பினத் தலைவர்களை நேரில் கண்டு, அவர்கள் பேச்சை நூலாக்கினார். புதினம் பிறந்த 1946, அந்த மாற்றத்தின் நடுவழி. நடுவழியில் நின்று எழுதியவனின் நூல் இது என்று தெரிந்துகொண்டு படித்தால், முதல் பகுதியில் கண்ட கூர்மையும் பின்பகுதியில் கண்ட மௌனமும் ஒருவரிடமே இருந்ததில் வியப்பில்லை.

ஹோல்டனைப் பற்றி இத்தனைப் புகழ்பெற்ற புதினம் ஏதும் நம் கைக்கு எட்டவில்லை. 2011 ஏப்ரல் 12ல் வட கரோலினா மேலவை கூடி, அவருக்கு மன்னிப்பு வழங்கிற்று. 48 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. ஹோல்டன் 1892லேயே இறந்துவிட்டார்.

தம்பி இப்போது புதினத்தை வாங்கிச் சென்றிருக்கிறார். ஆங்கிலம் கடினமாக இருக்கிறதாம். அகராதியும் கையுமாக அமர்ந்திருக்கிறார். நேற்று மாலை வழியில் கண்டபோது, பள்ளிக்கூடச் சுவர் இடியும் பக்கத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். "அந்தக் கொத்தனார்கள் பிறகு எந்தப் பக்கத்தில் வருகிறார்கள் அண்ணே?" என்று கேட்டார்.